ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள்

தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயலைத் தமிழ் அச்சு வரலாறு படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அன்றிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586-இல் அச்சேறியது இந்த ஊரில்தான். போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசாவில் 1520-இல் பிறந்து, 1546-இல் இந்தியாவுக்கு வந்து, அரை நூற்றாண்டு முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, 1600-இல் மறைந்த அந்த இயேசு சபைத் துறவியை நாம் அச்சுக்காகவும் தமிழ் இலக்கணத்துக்காகவும் கொண்டாடுகிறோம். இதே ஊரில் அவர் செய்த இன்னொரு காரியம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1550-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புன்னைக்காயலில் நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனையை அவர் நிறுவினார். அச்சகத்தைப் பற்றி எழுதும்போது எழுத்து வார்த்தவர் யார் என்றுகூடத் தேடிப் பிடித்துவிடுகிறோம். மருத்துவமனை என்றால் நிறுவியவரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காய்ச்சல்காரருக்குப் பக்கத்தில் விழித்திருந்தவர், புண்ணைக் கழுவியவர், கஞ்சி ஊட்டியவர் யாரும் கதைக்குள் வருவதில்லை. இந்த விடுபடல் தற்செயலாக நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பிய பாணி மருத்துவமனை நம் கரைக்கு வந்தபோது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது புண்ணியம் என்ற கணக்கில் வந்தது. அது உழைப்பு, அதற்கு நேரமும் அளவும் ஓய்வும் வேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிந்தித்தான் வந்தது. இன்னும் அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. இன்று ஐசியூவிலும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் டயாலிசிஸ் பிரிவிலும் வேலை பார்க்கும் செவிலியர்கள் சில ஆண்டுகளிலேயே உள்ளுக்குள் தீர்ந்துபோவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்து இயேசு சபைக்குள் நோயாளிப் பணிக்கு ஓர் உறுதியான இடம் இருந்தது. சபையில் சேர வருபவர் ஒரு மாதம் மருத்துவமனையில் ஊழியம் செய்தாக வேண்டும் என்பது சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த விதி. சவேரியாரே 1537-இல் வெனிஸ் நகரத்தில் தீராநோயாளர் மருத்துவமனையில் ஊழியம் பார்த்தவர். 1542 மே மாதம் கோவாவில் இறங்கியதும் அங்கே இருந்த மருத்துவமனையில்தான் தங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். புன்னைக்காயல் மருத்துவமனை இந்த மரபின் வழியே வந்தது. அதன் பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேட்பாரற்றுக் கிடந்த நோயாளிக்குப் பாயும் கஞ்சியும் மருந்தும் கிடைத்தன. அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த ஒரு மாத ஊழியம் எதற்காக வகுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். நோயாளி தேறுவது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் ஊழியம் செய்பவரின் ஆணவம் கரைவதும். அருவருப்பைப் பொறுக்கிறாரா, தூக்கத்தை விடுகிறாரா, சொன்னதைக் கேட்கிறாரா என்று மூத்தவர்கள் கவனிப்பார்கள். பொறுத்துக்கொண்டால் தேறினார். ஒருவரின் மனத்திண்மையைப் பார்க்க ஒரு மாதம் போதும். அதே அளவுகோலை முப்பது ஆண்டுப் பிழைப்பின் மேல் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. களைப்பே தகுதிக்குச் சான்றாகிவிடுகிறது. ‘களைத்துவிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது தகுதிக் குறைவாகிவிடுகிறது. இன்றைக்கும் மூத்த செவிலியர் இளையவரிடமும், நிர்வாகம் மூத்தவரிடமும் பேசும் தோரணையில் இந்த அளவுகோல் உயிரோடு இருக்கிறது.

இது ஒன்றுதான் நமக்குத் தெரிந்த வழி என்றும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலை ஒட்டி நடந்த கல்விச்சாலையில் படித்தவர்களுக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்குமாக இருந்த 15 படுக்கை ஆதுலசாலையின் செலவுக் கணக்கை அது வரிவரியாகச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர் இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர் என்று ஆள்கணக்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவரவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும் கூடவே இருக்கிறது. பெண்களுக்குக் கிடைத்தது மருத்துவருக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு; அந்த ஏற்றத்தாழ்வு அன்றே இருந்தது. ஆனாலும் 15 படுக்கைக்கு இரண்டு பெண்கள் என்பது எழுதிவைக்கப்பட்ட எண். அரசன் மாறினாலும் அதிகாரி மாறினாலும் கல்லைப் பார்த்துக் கேட்கலாம். ஊழியத்தை அளந்து, அதற்கு ஆளும் கூலியும் குறித்துவைக்கும் பழக்கம் இந்த நாட்டில் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதற்காகத்தான் இதை எடுத்துச் சொல்கிறேன்.

புன்னைக்காயலின் சொந்தத் தொழிலிலும் இப்படி ஓர் அளவு இருந்தது. கொற்கைக் காலம் தொட்டு இந்தக் கடற்கரை முத்தெடுத்துப் பிழைத்தது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் நடந்த முத்துச் சலாபங்களைக் கண்டு 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்புகள் வேலை நடந்த விதத்தைத் துல்லியமாகச் சொல்கின்றன. நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் தோணிகள் சிப்பி கிடக்கும் பாருக்குப் புறப்படும். ஒரு தோணியில் பத்துக் குளியாளிகள், ஐந்து கல். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு பேர். ஒருவர் கல்லின் கயிற்றில் கால் வைத்து இறங்கிச் சுமார் ஒரு நிமிடம் கடலடியில் சிப்பி அள்ளுவார். மற்றவர் தோணியின் விளிம்பில் மூச்சு வாங்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார். கயிறு பிடிப்பவரின் கவனம் முழுதும் கீழே இருப்பவர் மேல் இருக்கும். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். சில முறை இறங்கியதும் ஆள் மாறுவார். நடுப்பகலில் வேலை நிற்கும். அதற்குமேல் சிப்பி கிடந்தாலும் யாரும் இறங்குவதில்லை. ஆழத்துக்குப் போகிற உடம்பு மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும், அதற்காகவே ஒரு கல்லுக்கு இன்னொரு ஆள் கூலி பெற்றுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதை இந்தத் தொழில் முழு மனதோடு ஏற்றுக்கொண்டிருந்தது. காத்திருக்கும் குளியாளியைப் பார்த்து ‘வீண் செலவு’ என்று எந்தச் சம்மாட்டியும் கணக்குப் போடவில்லை.

முத்துக்குளிப்பை நான் பொற்காலமாக்குகிறேன் என்று யாராவது சொல்லலாம். குளியாளிகள் கடனில் மூழ்கியவர்கள். காது கெட்டது, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தது, சுறா பயம் தீரவே இல்லை. கிடைத்த சிப்பியில் பெரும்பங்கு போர்ச்சுகீசியருக்கும் பிறகு டச்சுக்காரருக்கும் பிறகு ஆங்கிலேயருக்கும் போனது. இதெல்லாம் உண்மை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற விதி யாருடைய கருணையிலும் பிறக்கவும் இல்லை. மூச்சடைத்த குளியாளி சிப்பி கொண்டுவர மாட்டான் என்ற வியாபாரக் கணக்கில் பிறந்தது. என் வாதத்துக்கு அது இன்னும் வலு சேர்க்கிறது. இரக்கமற்ற ஒரு தொழில்கூடத் தன் லாபத்துக்காகவாவது ஓய்வை வேலைக்குள் சேர்த்தே வைத்தது. இரக்கத்தின் பெயரால் நடந்த தொழில் அதைச் சேர்த்துவைக்க மறந்தது.

ஆனால் மிஷன் மருத்துவமனைகளின் துறவியரும் ஆண்டுக்கணக்கில் இரவு பகலாக நோயாளிகளைப் பார்த்தார்களே, அவர்கள் சோர்ந்துபோகவில்லையே என்ற கேள்வி நியாயமானது. தென்மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1876-இல் வந்து கட்டி வளர்த்த மருத்துவப் பணி, நாகர்கோவிலில் இரட்சணிய சேனை நடத்திய கேத்தரின் பூத் மருத்துவமனை, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய மருந்தகங்கள் என்று இந்த வட்டாரத்தில் பல தலைமுறைகள் அவர்கள் கையில்தான் பிறந்தன, பிழைத்தன. கன்னியர் மடத்தில் வாழ்ந்த ஒரு சகோதரிக்கு எதெல்லாம் கிடைத்தது என்று பார்த்தால் பதில் தெரியும். மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் சாப்பாடு. ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றிலிருந்தும் விலகித் தியானம். நோய் வந்தால் பார்த்துக்கொள்ள உடன் சகோதரிகள், வயதானால் இருக்க மடம். அவரை எதிர்பார்த்து வீட்டில் உலை காத்திருக்கவில்லை; பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளை இல்லை; மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் கடமையும் இல்லை. அந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்துதான் அவரைத் தாங்கியது. பின்னால் வந்த நாம் அதிலிருந்து தியாகத்தை மட்டும் உருவி எடுத்துச் சம்பளக்காரச் செவிலியரின் தோளில் வைத்தோம். தாங்கிய மடத்தை விட்டுவிட்டோம். சென்னையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926-இல் சென்னை மாகாணத்துச் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. படிப்பும் பதிவும் சீருடையும் ஒவ்வொன்றாக வந்தன. எத்தனை மணி நேரம், எத்தனை நோயாளி என்ற கேள்வி மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டே போனது.

கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்று சொல்ல முடியாது. 1946-இல், சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு தன் அறிக்கையில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்களே இருப்பதை, 43,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை, கவலையோடு பதிவு செய்தது. அவர்களுடைய வேலைச் சூழல் மோசமாக இருப்பதையும் சொன்னது. 1987-இல் மத்திய அரசு அமைத்த செவிலியர் தொழில் பற்றிய உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன். சமூகப் பணியில் ஊறியவர். சேவை என்பதன் அருமை தெரியாதவரென்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் தலைமையிலான குழு வாரத்துக்கு 40 மணி நேர வேலை வேண்டும், கூடுதல் நேரம் பார்த்தால் அதற்கு ஈடாக விடுப்போ பணமோ தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சேவையில் வாழ்ந்த ஒருவர் சேவையை மணிக்கணக்கில் அளக்கச் சொன்னது இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் என்பது என் எண்ணம். சேவை மனமும் வேலை நேரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அவர் கண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் டபுள் டூட்டி என்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடப் பேச்சாகவே இருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். ப்யோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அழுத்தி மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். பையை அழுத்துவதற்கு ஆள் வேண்டுமே? ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, மாதக்கணக்கில், நோயாளி ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து மூச்சு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு அமைந்தது. ஐசியூ என்ற ஏற்பாடு முதல் நாளிலிருந்தே ஒரு படுக்கைக்கு ஒரு மனிதர், அவர் களைப்பதற்குள் இன்னொருவர் என்ற அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. பிறகு வென்டிலேட்டர் வந்தது. பையை அழுத்தும் கைக்கு வேலை இல்லாமல் போனது. கை ஓய்ந்துவிட்டது என்று நிர்வாகங்கள் நினைத்துக்கொண்டன. உண்மையில் அந்தக் கைக்கு வேலை பல மடங்காகப் பெருகியது.

ஒரு ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரே ஒரு நோயாளியின் ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சின் எண்ணிக்கை எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். சிறுநீர் எவ்வளவு வந்தது என்று அளந்து எழுத வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து சிரிஞ்ச் பம்பில் தீர்வதற்குள் அடுத்ததைக் கலந்து தயாராக வைக்க வேண்டும். மாற்றும்போது சில நொடி தாமதமானாலும் அழுத்தம் இறங்கிவிடும். குழாயில் சளி கட்டினால் உறிஞ்ச வேண்டும். செய்வது கிருமி நீக்கிய கையுறையோடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். எழுபது கிலோ உடம்பை ஒருவர் புரட்ட முடியாது, பக்கத்துப் படுக்கையைப் பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும், அப்போது அந்தப் படுக்கைக்கு ஆளில்லை. மூக்கு வழிக் குழாயில் உணவு, வாய் சுத்தம், கண்ணுக்குச் சொட்டு. இதற்கிடையே அலாரம். ஐசியூவில் ஒலிக்கும் அலாரங்களில் பெரும்பாலானவை பொய் எச்சரிக்கைகள். எது மெய் என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். வாசலில் நோயாளியின் மகன் நிற்கிறார். ‘அம்மா கண்ணைத் திறந்தாங்களா சிஸ்டர்?’ என்ற கேள்விக்குப் பொய் சொல்லாமலும் மனம் உடையாமலும் பதில் சொல்ல வேண்டும். இதே நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று நோயாளிகளும் அவருடைய பொறுப்பில் இருந்தால், எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். விட்டதன் பாரமும் அவரோடுதான் வீட்டுக்குப் போகும். உடம்புக் களைப்பைவிட இந்தப் பாரம்தான் செவிலியரை அரிக்கிறது.

அளவுகள் எழுதப்படாமல் இல்லை. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த கணக்கின்படி பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர், ஒவ்வொரு ஷிப்டுக்கும். வார ஓய்வு, விடுப்பு ஆகியவற்றை ஈடுசெய்ய அதன்மேல் 45 விழுக்காடு சேர்க்க வேண்டும். பத்துப் படுக்கை ஐசியூ என்றால் மூன்று ஷிப்டுக்கு 30 பேர், 45 விழுக்காட்டையும் கூட்டினால் 43, 44 பேர் வர வேண்டும். அந்தக் கூடுதல் 13 பேர்தான் தோணியின் விளிம்பில் மூச்சு வாங்குபவர்கள். பட்ஜெட் போடும்போது முதலில் வெட்டப்படுவதும் அவர்கள்தான். ஐசியூ திறப்பு விழாவில் படுக்கை எண்ணிக்கை சொல்லப்படும், வென்டிலேட்டர் எண்ணிக்கை சொல்லப்படும், கட்டடத்தின் கோடிக்கணக்கு சொல்லப்படும். செவிலியர் எண்ணிக்கை கல்வெட்டில் இடம்பெறுவதில்லை. இந்த விஷயத்தில் வீரராசேந்திரன் காலத்துக் கல் நம்முடையதைவிட நேர்மையானது.

பணிச்சோர்வு என்று இன்று நாம் சொல்வதை 1974-இல் முதலில் விவரித்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். யாரிடம் அதைக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. நியூயார்க்கில் ஏழைகளுக்காக நடந்த இலவச மருத்துவ நிலையத்தில், மனமுவந்து உழைக்க வந்தவர்களிடம் கண்டார். ஈடுபாடு குறைந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். தங்களை முழுதாகக் கொடுத்தவர்களே முதலில் வற்றினார்கள். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்று கூறாக அளக்க வழிசெய்தார்: ஆற்றல் வற்றுவது, நோயாளியை மனிதராகப் பார்க்கும் உணர்வு மரத்துப்போவது, நாம் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. இரண்டாவதுதான் கொடுமையானது. கனிவானவர் என்று பெயரெடுத்த ஒருவர் ‘மூணாம் நம்பர் பெட்’ என்று மட்டும் பேசத் தொடங்குகிறார். தான் அப்படி மாறியதை அறிந்து தன்னையே வெறுக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதை நோயாக வைக்காமல், சரியாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவாக வைத்தது. பழுது ஆளிடம் இல்லை, வேலை அமைந்த விதத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சேவை மனப்பான்மை இருந்தால் சோர்வு வராது என்பவர்களுக்கு இந்த வரலாறே பதில்.

தமிழ்நாட்டின் அண்மைக் காலத்துக்கு வருவோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வின் வழியாக 2015 முதல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கப்பட்டார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்பது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அப்போது எழுந்த பேச்சுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: நோயாளிகளைத் தவிக்கவிட்டு வரலாமா, இது புனிதமான தொழில் அல்லவா? 7,700 ரூபாய்க்கு நிரந்தரப் பணியாளருக்குச் சமமாக நைட் டூட்டி பார்க்க வைப்பதில் புனிதம் எங்கே என்ற கேள்வி அந்த இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு கொரோனா வந்தது. ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து, தண்ணீர் குடிக்காமல், வீட்டுப் பிள்ளையைத் தொடாமல் வேலை பார்த்தார்கள். நாடே மாடியில் நின்று கைதட்டியது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் வழியாக மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது, அதுவும் தற்காலிகம்தான். ஐசியூவில் பழகிய கை உருவாக மாதங்கள் பிடிக்கும். அந்தக் கையை உருவாக்கிவிட்டு வெளியே அனுப்புவதும், அடுத்த நெருக்கடியில் புதிதாகத் தேடுவதும் எந்தக் கணக்கில் சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை.

தனியார் துறையின் கதை இன்னும் மங்கலானது. படித்து முடித்த பிள்ளையின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்டு எழுதி வாங்கி, வேலையை விட முடியாமல் கட்டிப்போட்ட பழக்கம் நெடுங்காலம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50-க்குக் குறைவான படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேல் படுக்கை இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாக ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பெரும்பாலும் பரிந்துரையாகவே நின்றது. எனவே நம் பெண்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். அவர்கள் பணத்துக்காக ஓடுகிறார்கள் என்ற பழி அவசரப்பட்டுச் சொல்லப்படுவது. ஒரு ஷிப்டு முடிந்தால் முடிந்தது என்ற நிம்மதியும் அந்தப் பயணத்துக்குக் காரணம்.

ஆள் கூட்டுவதற்குப் பணம் எங்கே என்பது அரசுத் தரப்பில் வரும் எதிர்வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு மாநிலத்தின் வருவாய்க்கு எல்லை உண்டு. ஆனால் ஆள் குறைவதற்கும் ஒரு விலை உண்டு. அது வேறு பேரேட்டில் ஏறுகிறது. லிண்டா எய்க்கனும் சக ஆய்வாளர்களும் 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதுதான்: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அவருக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது, அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடுகிறது. செவிலியரின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் இருக்கின்றன. கலிபோர்னியா 1999-இல் சட்டமியற்றி 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி என்ற அளவைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைகள் மூடிவிடும் என்று அங்கேயும் சொன்னார்கள், பெரும்பாலானவை இன்றும் நடக்கின்றன. அமெரிக்காவின் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். விழுக்காடு மாறலாம், ஒரே நேரத்தில் இரண்டு படுக்கையருகே நிற்க முடியாது என்பது தூத்துக்குடிக்கும் பிலடெல்பியாவுக்கும் பொது. யோகா வகுப்பும் மனநல ஆலோசனையும் வைக்கிறோமே என்று சில நிர்வாகங்கள் சொல்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நைட் டூட்டி முடித்து, ரிலீவர் வராமல் பகலிலும் நின்றவரை, மூன்று மணிக்கு மூச்சுப்பயிற்சிக்கு அழைப்பது உதவியாகாது என்று மட்டும் சொல்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டின் புன்னைக்காயல் மருத்துவமனையையும் இன்றைய ஐசியூவையும் ஒரே நூலில் கோப்பது மிகை என்று வரலாற்று மாணவர்கள் ஆட்சேபிக்கலாம். நிறுவனங்களுக்கிடையே நேரான வாரிசுத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்பார்ப்புகள் நிறுவனங்களைவிட நெடுநாள் வாழ்கின்றன. அரசு மாறியது, சமயப் பின்னணி மாறியது, சீருடை மாறியது. நல்ல செவிலியர் என்றால் கேட்காதவர், முகம் சுளிக்காதவர், ஆள் வராவிட்டால் தொடர்ந்து நிற்பவர் என்ற எதிர்பார்ப்பு மாறவில்லை. 2018 மே 22-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்கள் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குள் வரிசையாகக் கொண்டுவரப்பட்ட நாளைப் போன்ற ஒரு நாளில் அப்படி நிற்பது எவருக்கும் இயல்பு. அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நெருக்கடி நாளின் அளவை அன்றாட நாளின் அளவாக்கியதுதான் நாம் செய்த பிழை.

செய்ய வேண்டியது என் பார்வையில் மிகத் தெளிவானது. ஒவ்வொரு ஐசியூவின் வாசலிலும், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலிலும் ஒரு பலகை வேண்டும். இந்த ஷிப்டில் படுக்கை எத்தனை, நோயாளி எத்தனை, செவிலியர் எத்தனை, விதிப்படி எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நான்கு எண்களை நாள்தோறும் மூன்று முறை அதில் எழுத வேண்டும். தனியாருக்கும் அரசுக்கும் ஒரே விதி. தற்காலிகம், தொகுப்பூதியம் என்ற ஏற்பாடு இந்தப் பிரிவுகளில் அடியோடு ஒழிய வேண்டும். 45 விழுக்காட்டுக் கூடுதல் இடங்களை நிரப்பாமல் புதுப் படுக்கை எதையும் திறக்கக் கூடாது. அரசு இதைத் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவரை ஐசியூவில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் நாளில், மருந்தின் விலையையும் படுக்கையின் வாடகையையும் கேட்பதோடு, உள்ளே எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.